காடாய் மண்டிப்போன மணி பிளான்ட்டை என்ன செய்வது?

பெங்களூரில் வீடு மாறுகிறவர்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவார்கள், கீசரைக் கழற்றிக்கொண்டு போவார்கள். பால்கனிக் கம்பியில் பின்னிக்கொண்ட மணி பிளான்ட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்துக் குடிவருகிறவர்களுக்கு அது சீதனம். தொட்டி ஒரு மூலையில் இருக்கும், இலைகள் பத்தடி தள்ளி இன்னொரு மூலையில் இருக்கும், இடையில் வெறும் தண்டு. புறா வராமல் இருக்க வலை கட்டிய வீடு என்றால் கொடி அந்த வலைக்குள்ளும் புகுந்திருக்கும்.

செடி வளர்த்துப் பழக்கமில்லாதவர்கள் இங்கேதான் தயங்கி நிற்கிறார்கள். பிடுங்கி எறிய மனசு வராது, வெட்டவும் கை வராது. காசு தரும் செடியில் கத்தரி வைப்பதா என்ற பயம் வேறு. மணி பிளான்ட்டைத் திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் நன்றாக வளரும் என்று சொல்கிறவர்களும் இவர்கள்தான். திருடுகிறவர் யாரும் வேரோடு பிடுங்குவதில்லை, ஒரு துண்டு கிள்ளித்தான் எடுக்கிறார்!

உண்மையில் வெட்டுப்பட்டே உலகம் சுற்றிய செடி இது. எபிபிரெம்னம் ஆரியம் என்பது தாவரவியல் பெயர். சொந்த ஊர் பசிபிக் கடலில் டாஹிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மோரேயா தீவு. பூப்பதற்குத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனைத் தேவையான அளவுக்குத் தயாரிக்க இதன் மரபணுவில் வழியில்லை. அதனால் தானாகப் பூப்பது மிக மிக அரிது, விதையை எதிர்பார்க்கவே முடியாது. அல்சூர் ஓட்டு வீட்டுத் திண்ணையில் இருப்பதும் ஒயிட்ஃபீல்ட் பன்னிரண்டாவது மாடியில் இருப்பதும் எப்போதோ யாரோ வெட்டிய துண்டிலிருந்து வந்தவைதான். ஆகவே பயப்படாமல் வெட்டலாம். எங்கே வெட்டுவது என்று தெரிந்தால் போதும்.

ஏன் இப்படி நீண்டுபோகிறது

இரண்டு காரணம். ஒன்று, கொடியின் நுனிக் கொழுந்து. அதிலிருந்து ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே இறங்கி, பக்கத்துக் கணுக்களில் தூங்கும் முளைகளை எழவிடாமல் வைத்திருக்கிறது. நுனி இருக்கும்வரை கொடி கிளைக்காமல் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். நுனியை எடுத்துவிட்டால் வெட்டுக்குக் கீழே உள்ள கணுவில் புதுத் துளிர் கிளம்பும். ரோஜாவுக்கும் டீத்தோட்டத்துக்கும் கவாத்து செய்வது இதே கணக்கில்தான்.

இன்னொன்று வெளிச்சம். ஹாலின் இருட்டு மூலையில், டிவிக்குப் பக்கத்தில் அழகுக்காக வைத்த செடி, வெளிச்சத்தைத் தேடிக்கொண்டு நடையைக் கட்டும். ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவே இடைவெளி கூடும், இலை சிறுக்கும், அடியிலுள்ள இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து உதிரும். மஞ்சள் வரி போட்ட வகை என்றால் வரி மங்கிப் பச்சையாகிவிடும். இதைச் சரிசெய்யாமல் வெட்டினால் ஆறே மாதத்தில் மறுபடியும் அதே கதைதான். வெட்டுவதற்கு முன்னாலேயே தொட்டியை எங்கே வைக்கப்போகிறோம் என்று முடிவு செய்துவிடுங்கள். கிழக்குப் பார்த்த பால்கனி, இல்லையென்றால் ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் ஒரு இடம். மேற்கு வெயில் நேராக அடிக்கும் இடம் வேண்டாம், இலை வெந்து வெளுத்துவிடும்.

எப்போது செய்யலாம்

சென்னையில் இருப்பவர்கள் எந்த மாதத்திலும் வெட்டலாம். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற ஊர். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் 15 டிகிரிக்கு இறங்கும்போது செடி பேசாமல் உட்கார்ந்துவிடும். அப்போது வெட்டினால் செத்துவிடாது, ஆனால் வேர் விட இரண்டு பங்கு நாள் பிடிக்கும். மாங்காய் பிஞ்சு விடும் நேரத்தில் சாயங்கால இடிமழை ஆரம்பிக்கும் பாருங்கள், அதிலிருந்து செப்டம்பர் வரைக்கும் நல்ல பருவம். ஜூன், ஜூலை தூறல் மாதங்கள் எனக்குப் பிடித்தவை. காற்றில் ஈரம் இருக்கும், வெட்டிய துண்டு வாடாது.

சாமான் பெரிதாக எதுவும் வேண்டாம். கூர்மையான கத்தரி ஒன்று, அதைத் துடைக்க ஸ்பிரிட்டோ கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் சானிடைசரோ, பழைய செய்தித்தாள், நாலைந்து கண்ணாடி பாட்டில். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும், நசுங்கிய இடம்தான் முதலில் அழுகும். இந்தச் செடியின் சாறு சிலருக்கு அரிக்கும். சேப்பங்கிழங்கும் சேனையும் அரிப்பதற்குக் காரணமான அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் இதிலும் இருக்கின்றன, எல்லாம் ஒரே குடும்பம். கையுறை போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது. குழந்தையோ பூனையோ நாயோ கடித்தால் வாய் வீங்கும். வெட்டிய துண்டுகளைத் தரையில் பரப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

கணுவை முதலில் பாருங்கள்

கத்தரியை எடுப்பதற்கு முன் ஒரு கொடியைக் கையில் பிடித்து, விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள். வழவழவென்று போகும் தண்டில் ஒரு இடத்தில் விரல் தட்டும். லேசாகப் புடைத்து, சுற்றிலும் மெல்லிய வளையம் போட்டிருக்கும். அதுதான் கணு. ஒரு பக்கம் இலைக்காம்பு தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும், இலை உதிர்ந்திருந்தால் அதன் வடு இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கமோ அடியிலோ பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன முட்டு, அரை சென்டிமீட்டர் இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு நோய், பூச்சி என்று நகத்தால் கிள்ளி எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. கிள்ளாதீர்கள், அது காற்று வேர். தண்ணீரோ ஈர மண்ணோ கிடைத்தால் அதுதான் நிஜ வேராக நீளும். காம்பு தண்டோடு சேரும் கக்கத்தை உற்றுப் பார்த்தால் கடுகளவில் ஒரு முளைக்கண் தெரியும். புதுக் கொடி கிளம்புவது அதிலிருந்துதான்.

வேர் வருவதும் கொடி வருவதும் கணுவில்தான். இரண்டு கணுவுக்கு நடுவில் இருக்கும் தண்டுக்கு அந்தத் திறமை கிடையாது. அழகாக இருக்கிறதே என்று ஒரு இலையைக் காம்போடு மட்டும் பறித்துத் தண்ணீரில் வைத்தால் பல மாதம் பச்சையாகவே நிற்கும், சில சமயம் வேர்கூட விடும். ஆனால் புது இலை ஒன்றும் வராது, அதில் முளைக்கண் இல்லை. வருஷக்கணக்கில் ஒரே இலையோடு ஜன்னலில் நிற்கும் பாட்டில்களின் ரகசியம் இதுதான்.

இனி கத்தரி

முதலில் சிக்கெடுக்க வேண்டும். கம்பியில் சுற்றிய கொடியை நுனியிலிருந்து தொட்டியை நோக்கி ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்துக்கொண்டு வாருங்கள். சுவரில் காற்று வேர் ஒட்டியிருந்தால் பெயிண்ட்டும் சேர்ந்து வரும். வாடகை வீட்டில் அட்வான்ஸில் பெயிண்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் ஊர் இது, மெதுவாகவே உரியுங்கள். புறா வலையில் நுழைந்த கொடியை முழுசாக இழுத்து எடுக்கப் பார்க்க வேண்டாம், வலைதான் கிழியும். எப்படியும் துண்டு போடப்போகிறோம், வலைக்கு இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிடுங்கள். பன்னிரண்டாவது மாடியில் வலைக்கு வெளியே தொங்குவதைக் கை நீட்டி எட்டிப் பிடிக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

எல்லாக் கொடியையும் செய்தித்தாள் மேல் நீளவாக்கில் படுக்க வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்புங்கள். ஒவ்வொரு கொடியிலும் மண்ணிலிருந்து மேலே மூன்று நான்கு கணுவை எண்ணி, அந்தக் கடைசிக் கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். ஒட்டி வெட்டினால் முளைக்கண் காய்ந்துவிடும். ரொம்ப மேலே வெட்டினால் மிஞ்சும் குச்சி பழுப்பாகிக் காயும், ஆபத்தில்லை, பார்க்கத்தான் அசிங்கம்.

எவ்வளவு வெட்டலாம்? தடித்த தண்டும் கெட்டியான இலையுமாகச் செடி தெம்பாக இருந்தால், எல்லாக் கொடியையும் ஒரே நாளில் அடியோடு குறைத்துவிடலாம், மணி பிளான்ட் அதைத் தாங்கும். இலை தொய்ந்து மஞ்சளாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். தொட்டியைச் சாய்த்து, மண்ணோடு கட்டியாக வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, நறுக்கென்று இருந்தால் நல்லது. கருத்து, பிடித்தால் தோல் உருவிக்கொண்டு வந்து, சாக்கடை நாற்றம் அடித்தால் வேர் அழுகல். அந்தத் தாய்ச்செடியை நம்பி உட்கார வேண்டாம். நல்ல தண்டு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் துண்டு போட்டுப் புதிதாக ஆரம்பித்துவிடுவதே புத்திசாலித்தனம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுமாரான செடிக்கு இப்போது மூன்றில் ஒரு பங்கு கொடி, புதுத் துளிர் கண்ணில் பட்டதும் அடுத்த பங்கு.

துண்டு போடுவது

படுக்க வைத்த கொடிகளில் எது நுனிப்பக்கம், எது வேர்ப்பக்கம் என்று மறந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாக நட்ட துண்டு பிழைப்பது சிரமம். குழப்பமாக இருந்தால் காம்பைப் பாருங்கள், காம்புக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள கக்கம் எப்போதும் நுனியைப் பார்த்துத்தான் திறந்திருக்கும்.

ஒரு துண்டுக்கு இரண்டு கணு, ஒன்றிரண்டு இலை. மேல் வெட்டு கணுவுக்குச் சற்று மேலே, கீழ் வெட்டு கணுவுக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே. அடியிலுள்ள கணுவில் இலை இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், தண்ணீருக்குள் போகும் இலை அழுகும். முழங்கை நீளத்துக்கு வெட்டிப் பாட்டிலில் சொருகுகிற பழக்கம் நம்மிடம் நிறைய. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வேரே இல்லாத துண்டு ஏழெட்டு இலைக்கு எங்கிருந்து தண்ணீர் கொடுக்கும்? குட்டைத் துண்டுதான் சீக்கிரம் பிடிக்கும்.

நுனிக் கொழுந்தோடு இருக்கும் துண்டுகளைத் தனியாக வையுங்கள், முதலில் வளர்வது அவைதான். மஞ்சள் வரி வகையில் நல்ல வரி போட்ட இலை எந்தக் கணுவில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் புதுக் கொடியும் அதே சாயலில் வரும். முழுப் பச்சையாகிப்போன பகுதியிலிருந்து எடுத்தால் பச்சையே வர வாய்ப்பு அதிகம்.

இலையே இல்லாத மொட்டைத் தண்டை ஹசி கச (ஈரக் குப்பை) பக்கெட்டில் போடத் தோன்றும், போடாதீர்கள். அதிலும் கணு இருக்கிறது. ஒரு கணுவுக்கு ஒன்றாக விரல் நீளத்துக்கு நறுக்கி, அகலமான டப்பாவில் ஈரமான தேங்காய் நார்த்தூளைப் பரப்பி, அதன்மேல் படுக்க வைத்துப் பாதி புதையும்படி அழுத்திவிடுங்கள். பார்சல் சாப்பாடு வரும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா இதற்குப் பிரமாதம், உள்ளே ஈரம் நிற்கும். ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகலாம். எல்லாம் பிழைக்காது, பிழைத்தவரை லாபம்.

பாட்டில் தண்ணீரில் வேர் விடவைப்பது

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வேர் கண்ணுக்கு நேராக வளர்வது தெரியும், அவசரப்பட்டு மண்ணைத் தோண்டிப் பார்க்கும் ஆசையும் வராது. ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில் எதுவானாலும் சரி. கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் பச்சைப் பாசி பிடிக்கும். ஒரு காகிதத்தைச் சுற்றிவிடலாம், பழுப்புப் பாட்டில் இருந்தால் இன்னும் நல்லது. அடிக்கணு முழுகினால் போதும், தண்டு முழுக்கத் தண்ணீரில் கிடக்க வேண்டாம். ஒரு பாட்டிலில் நாலைந்து துண்டுக்கு மேல் நெருக்காதீர்கள், ஒன்று அழுகினால் மற்றதையும் சேர்த்துக் கெடுக்கும்.

பெங்களூரில் என்ன தண்ணீர் என்பதுதான் பெரிய கேள்வி. காவிரித் தண்ணீர் வருகிற வீடு என்றால் கவலை இல்லை, ஒரு ராத்திரி திறந்து வைத்துக் குளோரின் போனதும் ஊற்றலாம். போர்வெல்லும் டேங்கரும்தான் என்றால் உப்பு அதிகம். பாட்டில் விளிம்பில் வெள்ளைப் படிவு வருவது அதனால்தான், ஆனாலும் வேர் விடும். கவனிக்க வேண்டியது சாஃப்ட்னர் வைத்த அபார்ட்மென்ட்டுகளைத்தான். அந்த இயந்திரம் சுண்ணாம்பை எடுத்துவிட்டு அதன் இடத்தில் சோடியத்தைப் போடுகிறது. குழாய்க்கும் தலைமுடிக்கும் நல்லது, தொட்டிச் செடிக்கு ஆகாது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரிலும் உப்பு கூடுதல், நாள்தோறும் அதையே ஊற்றினால் இலை ஓரம் கருகும். பிடித்து வைத்த மழைத் தண்ணீரும் அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரும் மண்ணில் இருக்கும் செடிக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். வேர் விடும் பாட்டிலில் மட்டும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றாதீர்கள், புளித்து நாறும். 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கலாம். அடுத்த கோடைக்கு ஒரு பக்கெட் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பழக்கம் இப்போதே வரட்டும்.

தண்ணீரை வாரத்துக்கு ஒரு தடவையாவது முழுசாக மாற்ற வேண்டும், குறைந்ததை நிரப்பிவிட்டு விடுவது போதாது. பழைய தண்ணீரில் பிராணவாயு குறையும், தண்டு கொழகொழக்கும். அதைவிட முக்கியம் கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரிச் சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். 2024-ல் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, வீட்டில் கொசு வளரத் தண்ணீர் தேங்க விடுகிறவர்களுக்கு அபராதமும் வைத்தது. பாட்டில் வாயில் கொஞ்சம் பஞ்சை அடைத்துவிடலாம், தண்டும் நிமிர்ந்து நிற்கும். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை மறந்துவிடாதீர்கள், பெரும்பாலான வீடுகளில் கொசு வளர்வது அதில்தான்.

வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கும். தண்டின் அடி பழுப்பாகி மெத்தென்று ஆனால், நல்ல இடம் வரைக்கும் வெட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவிப் புதுத் தண்ணீரில் வையுங்கள். வேர் ஐந்து சென்டிமீட்டர் நீண்டு, பக்க வேர் கிளைக்க ஆரம்பித்ததும் மண்ணுக்கு மாற்றலாம். அடர்ந்து வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீரில் வளரும் வேர் மென்மையானது, அங்கேயே பழகிவிட்டால் மண்ணுக்குப் போகும்போது ரொம்பச் சுணங்கும். கடைசிவரை தண்ணீரிலேயே வளர்க்க ஆசையா, அதுவும் முடியும். மாதம் ஒருமுறை திரவ உரத்தைப் பாக்கெட்டில் போட்டிருப்பதில் கால் பங்கு அளவுக்குக் கலந்துவிடுங்கள். இலை சிறிசாகத்தான் இருக்கும்.

மண்ணும் தொட்டியும்

கட்டடம் கட்டும் இடத்தில் கிடைக்கும் செம்மண்ணை மட்டும் நிரப்பினால் இரண்டு மாதத்தில் இறுகிவிடும், ஊற்றும் தண்ணீர் ஓரத்தில் வழிந்து ஓடிவிடும், நடுவில் சொட்டு ஈரம் இருக்காது. செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கூட ஒரு கை பெர்லைட் (மண் இறுகாமல் இருக்கச் சேர்க்கும் வெள்ளைக் குருணை), கிடைக்காவிட்டால் சலித்த ஆற்று மணல், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்த்தூள் கட்டியாக வரும். பொள்ளாச்சிச் சரக்கோ திப்டூர்ச் சரக்கோ, ஒரு தடவை ஊறவைத்து உப்புத் தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. இதெல்லாம் லால்பாக்கின் சித்தாபுரம் வாசலைச் சுற்றியுள்ள நர்சரிகளில் ஒரே இடத்தில் கிடைக்கும். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டத்தின் நிழலில் இருக்கும் பேட்டை அது. பெங்களூர்க் கரகத் திருவிழாவில் கரகம் எடுக்கும் திகளர் சமூகத்தினர் தோட்ட வேலைக்குப் பேர்போனவர்கள், அவர்களில் பலர் வீட்டில் பேசுவது ஒரு வகைத் தமிழ். கடைகளில் தமிழிலேயே கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் கிடைக்கும். இரண்டு செடி வாங்கினால் நாலு யோசனை இலவசம், அதில் இரண்டை மட்டும் நம்பலாம்.

வேர் விட்ட துண்டுகளை எங்கே நடுவது? முக்கால்வாசியைத் தாய்த் தொட்டியிலேயே நடுங்கள் என்பேன். நீண்ட செடி மொட்டையாகத் தெரிவதற்குக் காரணம் தொட்டியில் இரண்டே கொடி இருப்பதுதான். வெட்டிய தாய்ச்செடியைச் சுற்றி ஆறேழு துண்டுகளை நாலு விரல் இடைவெளியில் நட்டால் மூன்று நான்கு மாதத்தில் தொட்டி நிரம்பிவிடும். நர்சரியில் புசுபுசுவென்று விற்கும் மணி பிளான்ட்டும் ஒரே செடி அல்ல, ஒரு தொட்டியில் கூட்டமாக நட்ட துண்டுகள்தான். வேர் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தால் இரண்டு அங்குலம் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள், அதைவிடப் பெரிது வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தங்கி அழுகலுக்கு வழி பண்ணும்.

விரலால் குழி போட்டு, வேர் உடையாமல் இறக்கி, கணு மண்ணுக்குள் போகும்படி மூடி, லேசாக அழுத்தித் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் இரண்டு வாரம் மண் காயக்கூடாது, தண்ணீரில் பழகிய வேர் அதற்குள் மண்ணுக்குப் பழகிக்கொள்ளும். அதற்கு அப்புறம் விரலை முதல் மூட்டு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டுப்படாவிட்டால் மட்டும் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் இது வாரத்துக்கு ஒரு தடவையாக இருக்கலாம், ஏப்ரல் வெயிலில் இரண்டு நாளைக்கு ஒரு தடவையாக இருக்கலாம். திங்கள், வியாழன் என்று நாள் குறித்து ஊற்றுகிறவர்கள் வீட்டில்தான் இந்தச் செடி அதிகம் சாகிறது.

பாட்டிலே வேண்டாம் என்கிறவர்கள் துண்டை நேராக ஈரமான நார்த்தூள் கலவையில் ஊன்றலாம். வெட்டிய முனையை அரை நாள் நிழலில் உலர விட்டு ஊன்றினால் அழுகல் குறையும். வேர் சீக்கிரம் வர வெட்டிய முனையில் தொடும் வேர்ப்பொடியை வாங்கச் சொல்வார்கள். மணி பிளான்ட்டுக்கு அது தண்டச் செலவு.

வெட்டவே மனசு வராதவர்களுக்கு

பதியன் போடுங்கள். கிராமத்து வீட்டில் மல்லிகைக்கு, முல்லைக்குச் செய்வதேதான். நீண்ட கொடியைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமல், பக்கத்தில் இன்னொரு சின்னத் தொட்டியை வைத்து, கொடியின் நடுவில் ஒரு கணுவை அந்த மண்ணில் அழுத்தி, ஒரு கொண்டை ஊசியை அதன் மேல் குத்தி அசையாமல் பிடிக்க வையுங்கள். ஒரே கொடியில் இப்படி மூன்று நான்கு தொட்டிகூட வரிசையாகப் போடலாம். தாய்ச்செடி ஊட்டிக்கொண்டே இருப்பதால் தோற்பதற்கு வழியே இல்லை. மூன்று நான்கு வாரம் கழித்துக் கொடியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். எழும்பி வராமல் பிடித்துக்கொண்டால் வேர் வந்துவிட்டது, அப்போது இடையில் வெட்டிவிடலாம்.

அப்புறம் கவனிக்க வேண்டியவை

வெட்டுப்பட்ட தாய்ச்செடிக்கு இலை குறைந்துபோனதால் தண்ணீரும் குறைவாகவே தேவைப்படும். பழைய அளவிலேயே ஊற்றிக்கொண்டிருந்தால் வேர் அழுகும். புதுத் துளிர் வரும்வரை உரமும் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் கணுவில் பச்சை முனை தெரிந்தால் எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம், அதற்கு மேல் மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

புதுத் துளிரை நாடி மாவுப்பூச்சி வரும், இலைக்காம்புக் கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு என்றால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் தீர்ந்தது. பரவியிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்து சாயங்காலம் அடியுங்கள்.

இனிமேல் தொங்கவிடுவதா, ஏற்றிவிடுவதா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பழைய பங்களாத் தோட்டங்களில் மரத்தைப் பிடித்து ஏறிய மணி பிளான்ட்டின் இலை முறம் அளவுக்கு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஜன்னலில் இருப்பதும் அதே செடிதான். ஏறினால் இலை பெரிதாகும், தொங்கினால் சிறிதாகும், அதன் சுபாவம் அப்படி. தென்னை நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு, காற்று வேர் அதைப் பிடிக்கும்படி கட்டி, கம்பை ஈரமாக வைத்திருந்தால் பெரிய இலை வரும். தொங்கவிடுகிறவர்கள் ஒவ்வொரு கொடியும் இரண்டடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் மறுபடி காடாகாது.

மற்றச் செடிகளை இதேபோல வெட்டலாமா

சிங்கோனியம், கொடி வகை ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா எல்லாம் கணுவில் வேர் விடுகிறவைதான், இதே முறை செல்லும். ரப்பர் செடி வெட்டினால் பால் வடியும், அதற்குத் தண்டில் பட்டையைச் சீவிப் பாசி கட்டும் விண்பதியன்தான் நம்பகமானது. பாம்புச் செடியை இலையாக நறுக்கி ஊன்றலாம், ஆனால் மஞ்சள் கரை போட்ட வகையில் அப்படி வரும் குட்டி வெறும் பச்சையாக வரும். கரை வேண்டும் என்றால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும். அரிக்கா பனை மட்டும் விதிவிலக்கு. உயரமாகிவிட்டதே என்று அதன் தலையை வெட்டினீர்களோ, அந்தத் தண்டு அதோடு முடிந்தது. ஒரு தண்டுக்கு ஒரே குருத்துதான், தென்னைக்கு இருப்பது போல.

மிஞ்சிய துண்டுகள்

இருபது முப்பது துண்டு மிஞ்சினாலும் ஏரிக்கரையிலோ ராஜகால்வாய் என்கிற மழைநீர்க் கால்வாய் ஓரத்திலோ வீசாதீர்கள். பிடித்துக்கொண்டால் மரத்தையே மூடிவிடும். இலங்கை போன்ற வெப்ப நாடுகளில் இது ஊடுருவும் களை என்று பெயர் வாங்கிய செடி. அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் ஒரு போட்டோ போட்டால் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். அழுகியதையும் பூச்சி பிடித்ததையும் மட்டும் ஹசி கசத்தில் போடுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லால்பாக் எக்ஸ்பிரஸில் சென்னைக்கோ பஸ்ஸில் சேலத்துக்கோ போவதென்றால் வேர் விடாத துண்டுகளை எடுத்துப் போவதுதான் சுலபம். வேர் விட்டவை வழியிலேயே உடையும். புறப்படும் நாள் காலையில் வெட்டி, கணுப் பகுதியை மட்டும் நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்ட் கட்டுங்கள். இலைகள் வெளியே இருக்கட்டும். ஜன்னல் ஓரத்து வெயிலிலும் காரின் டிக்கியிலும் வைக்க வேண்டாம். சொட்டச் சொட்ட நனைத்த காகிதமும் வேண்டாம், வழியிலேயே வெந்துவிடும். இப்படிக் கட்டினால் இரண்டு நாள் தாங்கும். போய்ச் சேர்ந்ததும் அடியில் ஒரு சென்டிமீட்டர் புதிதாக வெட்டித் தண்ணீரில் வைக்கச் சொல்லுங்கள். சென்னை வெக்கைக்கு முதல் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், பால்கனிக்குப் பிறகு போகலாம்.